சிப்ரோ குளிசை எழுதும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை



சிறுநீர் தொற்று, கடும் வயிற்றோட்டம் போன்ற சில கிருமி நோய்களுக்கு சிப்ரோபுளொக்சசின் என்ற குளிசையை டாக்டர்மார் எழுதுவதுண்டு. பெயர் நீளம், ஆகவே நாம் சிப்ரோ என்றே எழுதுகிறோம். நல்ல மருந்துதான். ஆனால் எல்லோருக்கும் ஏற்றதல்ல. டாக்டரின் துண்டு இல்லாமல் இதை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. பக்கத்து லயத்து அக்கா மிச்சம் வைத்த நாலு குளிசையை வாங்கிப் போடுவதும் அதே தவறுதான். தடிமன், சாதாரண காய்ச்சலுக்கு இது வேலையே செய்யாது.

மலை ஏறிக் கொழுந்து பறிக்கும் நாங்கள் முக்கியமாக அறிய வேண்டியது குதிகாலைப் பற்றி. கெண்டைக்காலையும் குதிகாலையும் சேர்க்கும் தடித்த தசைநார் ஒன்று உண்டு. நம்மவர் அதை நரம்பு என்பார்கள். சிப்ரோவும் அதன் இனத்து மருந்துகளும் சிலருக்கு அந்த நாரை வீங்கச் செய்யும், அறுந்தும் போகலாம். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்தால் பல மாதம் மலைக்குப் போக முடியாது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும், பிரெட்னிசலோன் எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூட. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2008இல் இதற்குக் கடும் எச்சரிக்கை போட வைத்தது. சாதாரண சிறுநீர் தொற்றுக்கு வேறு மருந்து இருந்தால் இதைத் தவிர்க்கும்படி 2016இல் சொன்னது. குளிசை எடுக்கும்போது குதிகாலில் வலி வந்தால், 'ஏறி இறங்கினதால வந்த வலிதானே' என்று தைலம் பூசிக்கொண்டு பெரட்டுக்குப் போகாதீங்க. அடுத்த குளிசையைப் போடாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்க.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்க: சீனி வியாதிக்குக் குளிசை எடுப்பது (சீனி திடீரென்று இறங்கலாம்), வலிப்பு இருப்பது, இழைப்புக்குத் தியோபிலின் எடுப்பது, பிள்ளை உண்டாகியிருப்பது, பால் கொடுப்பது. பழைய கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்க.

இரத்தக் குறைவுக்கு இரும்புச்சத்துக் குளிசை எடுக்கும் பெண்கள் பலர். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் சிப்ரோ உடம்பில் ஏறாது, நோயும் மாறாது. சிப்ரோவுக்குப் பிறகு 2 மணித்தியாலம் போக வேண்டும். இரும்புச்சத்தை முதலில் எடுத்தால் 6 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். சிப்ரோ காலை 7, இரவு 7 என்றால் இரும்புச்சத்தைப் பகல் 12 மணிக்குப் போடலாம். கல்சியக் குளிசை, நெஞ்செரிவு மருந்து ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான். பாலோடும் தயிரோடும் சிப்ரோவைப் போடக் கூடாது. தண்ணீர் நிறையக் குடியுங்க. தேத்தண்ணியைக் கொஞ்சம் குறைப்பது நல்லது. அதிலுள்ள கபீன் இந்த நாட்களில் உடம்பை விட்டு மெதுவாகப் போகும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. தேயிலைத் தோட்டத்தில் இதைச் சொல்வது சிரிப்பாகத்தான் இருக்கும்! வெயிலில் தோல் சீக்கிரம் எரியும், தலையையும் கையையும் மூடிக்கொள்ளுங்க.

இன்னொன்று. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்க. இந்த இன மருந்து காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். சில நாள் சுகமானது போலிருக்கும், உள்ளே நோய் வளரும், கண்டுபிடிப்பதும் தாமதமாகும். சளிப் பரிசோதனை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்.