தூக்க மருந்து குடல் அழற்சிக்கு ஏன்?

சிறுகுடலின் கடைப்பகுதியைப் பெரிதும் தாக்கும் கிரோன் நோய்க்குத் தாலிடோமைடு பரிந்துரைக்கப்படும்போது, "இது தூக்க மருந்தாயிற்றே?" என்று சிலர் அஞ்சுகின்றனர். அச்சத்திற்குக் காரணம் உண்டு.

1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்த இது, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டுடன் பிறந்ததால் 1961-இல் திரும்பப் பெறப்பட்டது. 1964-இல் ஜெருசலேமில் மருத்துவர் ஜேக்கப் ஷெஸ்கின், வலியால் உறங்க இயலாத தொழுநோயாளிக்கு இதைக் கொடுத்தார். உறக்கம் வந்ததோடு தோல் அழற்சியும் தணிந்தது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதத்தை இது குறைப்பதாக 1991-இல் அறியப்பட்டது. பிற மருந்துகளுக்கு அடங்காத கிரோன் நோயுள்ள சிறாரிடம் இத்தாலியில் நடந்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. மருந்தற்ற மாத்திரை பெற்றோரைவிட இதனைப் பெற்றோரில் மிகுதியானவர்களுக்கு நோய் தணிந்தது.

எனவே, பிற மருந்துகள் பயனளிக்காதபோது, அழற்சியைத் தணிக்கவே இது தரப்படுகிறது.

மறவாதீர்கள்:

• கருவுற்றோர் ஒரு மாத்திரைகூட உட்கொள்ளலாகாது. கருவுறும் வாய்ப்புள்ளோர்க்குக் கருத்தடை கட்டாயம்.
• மருந்து விந்திலும் கலப்பதால் ஆண்கள் ஆணுறை அணிதல் வேண்டும்.
• கை கால் மரத்துப்போதல், கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே தெரிவியுங்கள். நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும்.
• இரவில் உட்கொள்ளுங்கள். மயக்கம் இருப்பின் வாகனம் ஓட்டாதீர்கள்.
• எஞ்சிய மாத்திரைகளைப் பிறருக்குத் தராது எங்களிடமே ஒப்படையுங்கள்.