முழங்காலில் எத்தனை கிலோ?

நடை ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "என் மூட்டுல எவ்வளவு பாரம் விழுது? கிலோவுல சொல்லுங்களேன்." எலும்பு மூட்டு டாக்டர்களும் அதையே கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்கள் மட்டும் கேட்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் திரையில் வளைகோடு வந்ததும் விடை வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். அவர்களிடம் முதல் நாளே நான் சொல்லிவிடுவது இது: நாம் மூட்டை அளப்பதில்லை. தரையை அளக்கிறோம், உடம்பில் ஒட்டிய உருண்டைகள் எந்த நொடியில் எங்கே இருந்தன என்று அளக்கிறோம். மிச்சமெல்லாம் கணக்கு. அந்தக் கணக்கின் எந்தப் படியில் என்ன ஊகம் நுழைகிறது என்று தெரியாதவர் கையில் கடைசியில் வரும் எண் ஆபத்தானது.

வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரையோடு தரையாக ஃபோர்ஸ் பிளேட் என்ற தட்டைப் பதித்திருப்போம். கால் அதை மிதிக்கும்போது மேலிருந்து கீழ், முன் பின், பக்கவாட்டு என மூன்று திசையிலும் விசையைப் பதிவு செய்யும். பாதத்தின் எந்தப் புள்ளியில் அந்த விசை விழுகிறது என்றும் சொல்லும். சுற்றிலும் உள்ள கேமராக்கள் உடம்பில் ஒட்டிய, ஒளியைத் திருப்பும் உருண்டைகளைப் பின்தொடரும். தரை தரும் விசை தெரியும், பாதத்தின் அசைவும் தெரியும் என்றால் கணுக்காலில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று நியூட்டன் விதிப்படி போட்டுவிடலாம். அங்கிருந்து முழங்கால், பிறகு இடுப்பு. கீழிருந்து மேலே ஏறும் இந்தக் கணக்குக்குத் தலைகீழ் இயக்கவியல் என்று பெயர். இன்று மென்பொருள் கண்மூடித் திறப்பதற்குள் இதை முடித்துவிடுகிறது. 1891-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிரவுனே, ஃபிஷர் என்ற ஆய்வாளர்கள் ஒரு ஆளின் உடம்பில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். ஆளைத் தயார் செய்யவே பல மணி நேரம். படங்களிலிருந்து கையால் போட்ட கணக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவ்வளவு பாடுபட்டவர்கள் ஒவ்வொரு எண்ணையும் சந்தேகித்திருப்பார்கள். நமக்குச் சுலபமாக வருவதால் சந்தேகம் வருவதில்லை.

காலையில் ஆள் வருவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்வேன். முதலாவது, தட்டின் மீது ஏறி அசையாமல் நில்லுங்கள். எடை மெஷின் காட்டும் எடையும் தட்டு காட்டும் எடையும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் அன்று வேறெதுவும் செய்யக் கூடாது. இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உருண்டைகள் ஒட்டிய ஒரு கம்பியின் கூர்முனையைத் தட்டின் பல இடங்களில் ஊன்றி அழுத்துங்கள். முனை இருக்கும் இடத்தைக் கேமராவும் சொல்லும், தட்டும் சொல்லும். இரண்டும் சில மில்லிமீட்டருக்குள் பொருந்த வேண்டும். ஒரு சென்டிமீட்டர் விலகினால் என்ன கெட்டுப்போகும் என்று மாணவர்கள் கேட்பார்கள். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு காலில் நிற்கும் நேரத்தில் தட்டில் விழுவது ஏறக்குறைய 600 நியூட்டன். அந்த விசை பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் முழங்காலின் திருப்புத்திறன், அதாவது மூட்டைத் திருப்பப் பார்க்கும் வலு, 6 நியூட்டன் மீட்டர் மாறும். அந்த ஆளுக்கு முழங்காலை உள்பக்கமாக அழுத்தும் திருப்புத்திறனின் உச்சமே சுமார் 30 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு, வெறும் தட்டுக் கோளாறு. மூட்டுத் தேய்மான ஆய்வுகளில் காலணியை மாற்றியதால் முன்னேற்றம் என்று காட்டப்படும் வித்தியாசங்கள் பல நேரம் இதைவிடச் சிறியவை.

அடுத்தது ஆள். பாடநூல்கள் இங்கேதான் கைவிட்டுவிடுகின்றன. படங்களில் வருகிறவர்கள் எல்லாம் இறுக்கமான அரைக்கால் சட்டை போட்ட கல்லூரிப் பையன்கள். நம்மிடம் வருவதோ மூட்டுவலிக்காரர்கள். அவர்களில் பாதிக்கு மேல் வாழ்நாளெல்லாம் புடவையைத் தவிர வேறு உடுத்தாத பெண்கள். புடவைமேல் உருண்டையை ஒட்டினால் நாம் அளப்பது புடவையின் நடையை. பெண் ஊழியர் ஒருவர் உடனிருக்க வேண்டும், திரை வேண்டும், அறையில் தேவையில்லாத ஆட்கள் கூடாது, என்ன செய்யப்போகிறோம் என்பதை முதல் நாளே ஃபோனில் சொல்லியிருக்க வேண்டும். இவை இருந்தால் எழுபது வயதுப் பாட்டியும் சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பார். இல்லாவிட்டால் கூச்சத்தில் உடம்பைக் குறுக்கி நடப்பார். அந்த நடை அவருடையது இல்லை.

தேங்காய் எண்ணெய் தடவிக் குளித்துவிட்டு வந்தவரின் தோலில் இருபக்க டேப் ஒட்டாது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைக்க வேண்டும். ஃபேன் இல்லாத அறையில் வியர்வையே உருண்டைகளைக் கழற்றிவிடும். மெட்டியும் கொலுசும் கேமராவுக்கு உருண்டை மாதிரியே பளிச்சிடும். இல்லாத ஒரு புள்ளியை மென்பொருள் கண்டுபிடித்து அதையும் பாதத்தோடு சேர்த்துக்கொள்ளும். கொலுசைக் கழற்றிவிடுவார்கள். மெட்டியைக் கழற்றச் சொல்லாதீர்கள், மனசு சங்கடப்படும். மேலே மைக்ரோபோர் பிளாஸ்திரி ஒரு சுற்றுச் சுற்றினால் வேலை முடிந்தது. தொடைதான் தீராத தலைவலி. அங்கே தோலும் சதையும் எலும்பின்மேல் வழுக்கும். நாம் எலும்பு என்று நினைத்துப் பின்தொடர்வது சதையை. பருமனானவர்களிடம் இடுப்பெலும்பின் முனையைத் தொட்டுக் கண்டுபிடிப்பதே பாதிக் கலை. ஒரே ஆளுக்கு ஒரே ஊழியர் ஒட்டுவது என்று வழக்கம் வைத்துக்கொண்டால், முன்னும் பின்னும் ஒப்பிடும்போது அந்தப் பிழையாவது ஒரே பக்கம் சாயும்.

தட்டைக் குறிவைத்து மிதிப்பதும் ஒரு பிரச்சினை. தட்டு கண்ணில் பட்டால் ஆள் அடியைக் கூட்டியோ குறைத்தோ வைப்பார்.

"பாட்டி, கீழ பாக்காதீங்க. எதிர்ல கடிகாரம் இருக்கு பாருங்க, அதைப் பாத்து நடங்க. தட்டை மறந்துடுங்க."

"அது எப்படிப்பா மறக்கறது? அதை மிதிக்கத்தானே வரச் சொன்னே?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதனால் தட்டைப் பற்றிய பேச்சையே இப்போது எடுப்பதில்லை. தரை விரிப்பின் நிறத்திலேயே தட்டின் மேலும் ஒட்டி மறைத்துவிட்டு, கால் சரியாக விழும்படி அவர் கிளம்பும் இடத்தை நாங்கள் நகர்த்திக்கொள்கிறோம். பேரனைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தபடி சில முறை சும்மா நடக்கவிட்ட பிறகுதான் பதிவு. வேகத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாக நடந்தால் விசைகளின் உச்சம் பொதுவாகக் குறையும். சிகிச்சைக்குப் பிறகு பாரம் குறைந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன், நடையே மெதுவாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

பதிவில் கலந்துவரும் இரைச்சலை வடிகட்டுவது பற்றி ஒரு வார்த்தை. நடைக்குக் கேமராப் பதிவை 6 ஹெர்ட்ஸ் அளவில் வடிகட்டுவது பரவலான வழக்கம். குதித்து இறங்குவதை அளக்கும்போது கேமராவுக்கு ஒரு அளவும் தட்டுக்கு வேறு அளவும் வைத்தால், கால் தரையில் படும் கணத்தில் முழங்காலில் இல்லாத ஒரு சிகரம் முளைக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு வையுங்கள். கணக்குக்குத் தேவையான கால், தொடை எடைகளுக்கு எந்த அட்டவணை என்று அதிகம் கவலைப்பட வேண்டாம். 1955-ல் டெம்ஸ்டர் எட்டு சடலங்களை வைத்துத் தயாரித்த அளவுகள் நம் ஊர்ப் பெண்களுக்குப் பொருந்துமா என்பது நல்ல கேள்விதான். ஆனால் கால் தரையில் ஊன்றியிருக்கும் நேரத்தில் தரை விசைதான் கணக்கை ஆள்கிறது.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் கையில் வருவது மூட்டின் பாரம் ஆகாது என்பதுதான் இதில் பலருக்கு உறைக்காத விஷயம். தலைகீழ் இயக்கவியல் தருவது நிகர விசை, நிகர திருப்புத்திறன். தசைகள் மூட்டை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பது அதில் இல்லை. எலும்போடு எலும்பை அழுத்துவதில் பெரும்பங்கு தசைகளுடையது.

இடுப்பு மூட்டை வைத்துப் பார்த்தால் புரியும். 60 கிலோ ஆள் ஒரு காலில் நிற்கிறார். ஊன்றிய காலை விட்டுவிட்டால் மூட்டுக்கு மேலிருக்கும் எடை ஏறக்குறைய 50 கிலோ. அந்த எடையின் மையம் மூட்டிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் உள்பக்கம் தள்ளி இருக்கிறது. இடுப்பு அந்தப் பக்கம் சரியாமல் பிடிக்கும் தசைக்குக் கிடைப்பது வெளிப்பக்கத்தில் 5 சென்டிமீட்டர் மட்டுமே. ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் உள்ள தராசு மாதிரி. குட்டைக் கையில் இரட்டிப்பு எடை வைத்தால்தான் நேராக நிற்கும். ஆக தசை இழுப்பது 100 கிலோ. தராசின் நடுத் தாங்கி சுமப்பது 50-உம் 100-உம் சேர்த்து 150. உடல் எடையில் இரண்டரை மடங்கு, சும்மா நிற்பதற்கே.

இது தாள் கணக்கு. உள்ளேயே கருவி வைத்து அளந்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்வீடனில் நில்ஸ் ரைடல் 1966-ல் இரண்டு நோயாளிகளின் செயற்கை இடுப்பு மூட்டில் உணர்கருவி வைத்து அளந்ததை வெளியிட்டார். பிறகு பெர்லினில் ஜார்ஜ் பெர்க்மன் குழு, செயற்கை மூட்டுக்குள் இருந்தே கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் கருவிகளைச் செய்தது. அந்தப் பதிவுகள் 'ஆர்த்தோலோட்' என்ற பெயரில் யாரும் பார்க்கும்படி திறந்து கிடக்கின்றன. மாணவர்கள் ஒரு மாலையை அதில் கழித்தால் பல புத்தகங்களுக்குச் சமம். முழங்காலில் கருவி பொருத்திய ஐந்து பேரின் சராசரி 2010-ல் வெளிவந்தது: சமதரையில் நடந்தால் உச்சம் உடல் எடையில் சுமார் 2.6 மடங்கு, படி ஏறினால் 3.2, இறங்கினால் 3.5, நாற்காலியிலிருந்து எழுந்தால் 2.5. இரண்டு காலும் ஊன்றி நிற்கும்போது ஒவ்வொரு காலுக்கும் பாதி எடை என்றுதானே நினைப்போம்? ஒரு முழங்காலிலேயே ஒரு முழு உடல் எடைக்குச் சற்று மேல் காட்டியது. இடுப்பில் கருவி இருந்த ஒருவர் கால் இடறி, விழாமல் சமாளித்த கணத்தில் பதிவானது எட்டு மடங்குக்கும் மேல். வயதானவர் வீட்டில் மிதியடி சுருண்டு கிடந்தால் எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வரும்.

கருவி இல்லாத நம் நோயாளிகளுக்கு என்ன வழி? தசைகளைக் கம்ப்யூட்டர் மாதிரியில் சேர்த்து, எந்தத் தசை எவ்வளவு இழுத்திருக்கும் என்று ஊகிப்பது. ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த ஓப்பன்சிம் இதற்கான இலவச மென்பொருள். ஊகம் எவ்வளவு சரி என்று சோதிக்க, கருவி முழங்கால் உள்ளவர்களின் நடைப் பதிவை மட்டும் கொடுத்து, உள்ளே பதிவான விசையை மறைத்து வைத்து, 2010 முதல் சில ஆண்டுகள் போட்டியே நடத்தினார்கள். கைதேர்ந்த குழுக்களின் விடைகளும் கணிசமாக விலகின. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த நேர்மையான வேலைகளில் அது ஒன்று.

அதே 2010-ல் வந்த இன்னொரு ஆய்வை மூட்டுத் தேய்மானத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். உள்பக்க முழங்காலில் பாரத்தைக் குறைக்க நடையை மாற்றச் சொல்லிக் கொடுப்போம். பலன் தெரிய திருப்புத்திறனைப் பார்ப்போம். வால்டர் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் கருவி முழங்கால் உள்ள ஒருவரை அப்படி மாற்றி நடக்கவைத்தார்கள். திருப்புத்திறன் இறங்கியது. உள்பக்க மூட்டின் விசை அதற்கேற்ப இறங்கவில்லை. முழங்கால் கூடுதலாக மடங்கியதால் தொடைத் தசை கூடுதலாக இழுத்து, மிச்சம் பிடித்ததைத் தின்றுவிட்டது. அதைப் படித்ததிலிருந்து, மடக்குத் திருப்புத்திறனையும் பக்கத்தில் வைக்காமல் ஒற்றை எண்ணை அறிக்கையில் எழுத நான் விடுவதில்லை. முடிந்தால் தசை மின்பதிவும் வேண்டும். முன் தொடையும் பின் தொடையும் ஒரே நேரத்தில் இறுகினால் நிகர எண் சாதுவாக இருக்கும், மூட்டு நசுங்கிக்கொண்டிருக்கும்.

நோயாளிகளுக்கு இதிலிருந்து என்ன சொல்கிறேன்? ஒரு பவுண்டு இளைத்தால் அடிக்கு நான்கு பவுண்டு பாரம் குறையும் என்று எல்லா டாக்டர்களும் சொல்வார்கள். அது 142 பேரிடம் செய்து 2005-ல் வெளியான ஆய்வு. அந்த நான்கும் மாதிரிக் கணக்கில் வந்ததுதான். இருந்தாலும் திசை சரி, தயங்காமல் சொல்லலாம். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள் என்பதை நம்பவைப்பதுதான் கஷ்டம். "வலிக்கிற பக்கம்தானே முட்டுக் கொடுக்கணும்?" என்பார்கள். மேலே போட்ட கணக்கையே மறுபடி போடலாம்: மூட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, எதிர்க் கையால் 5 கிலோ ஊன்றினால் தசை இழுக்க வேண்டியது 100 கிலோவிலிருந்து 60 ஆகிறது. உள்ளே கருவி உள்ளவர்களிடம் பார்த்த குறைவு இந்த அளவுக்குப் பெரிதில்லை, ஆனாலும் 5 கிலோவுக்கு நல்ல வட்டி. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, வலிக்கிற காலை முதலில் கீழே வையுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். உட்காரும் நாற்காலி உயரமாக, கைப்பிடியோடு இருக்கட்டும்.

தரையில் சம்மணம் போடலாமா, இந்தியக் கழிப்பறையில் குந்தலாமா என்று கேட்டால் நான் கிலோ சொல்வதில்லை. எங்கள் கணக்கு நடைக்காக வளர்ந்தது. முழுக்கக் குந்தும்போது தொடையின் பின்புறம் கெண்டைக்காலில் அமர்ந்து பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. வழக்கமான கணக்கு அதைச் சேர்ப்பதில்லை. அதனால் அடிமட்டக் குந்தலில் முழங்கால் விசையைக் கூடுதலாகவே காட்டும். அந்தத் தொடுகையை அளக்கத் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே அழுத்தத் தாள் வைத்துப் பார்க்கலாம். அதுவரை அறிக்கையில் மடங்கிய கோணத்தையும், எழும்போது தட்டில் இரண்டு கால்களுக்கும் எடை எப்படிப் பிரிந்தது என்பதையும் மட்டும் எழுதுகிறோம். மூட்டு விசை என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு, கீழே காரணத்தையும் எழுதிவிடுகிறோம். டாக்டர்கள் சிலர் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.