நோகாத புண்ணே ஆபத்தான புண்

குடியேற்றக் கிராமமொன்றில் வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவரைச் சந்தித்தோம். செருப்பைத் துளைத்த முள் பாதத்தில் ஏறியிருக்க, மூன்று நாள் தோட்டத்தில் வேலை செய்திருக்கிறார். “நோகேல்லையே, பிறகென்ன?” என்றார். அவருக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். அந்தக் காலில் ஒரு விரலை அகற்ற வேண்டியதாயிற்று.

காணியை ஒருமுறை விட்டு வந்தவர்கள் நாம். காலையும் இழந்தால், இருக்கின்ற துண்டு நிலத்தையும் செய்கை பண்ண முடியாது. எனவே இம்முறை பாதத்தைப் பற்றிப் படிப்போம்.

ஏன் நோவதில்லை?

இரத்தத்தில் சீனி நெடுங்காலம் கூடியிருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. முதலில் கால்விரல்களில் விறைப்பும் எரிவும் தோன்றும். பின்னர் உணர்ச்சியே குறைந்துவிடும். இரத்தக் குழாய்களும் ஒடுங்குவதால் புண் ஆறத் தாமதிக்கும், கிருமிகள் பெருகும். கால் அகற்றப்படும் நீரிழிவு நோயாளரில் மிகப் பெரும்பாலானோருக்கு எல்லாம் ஒரு சிறு புண்ணிலேயே தொடங்கியிருக்கிறது.

வேலூரில் கற்ற பாடம்

1914 இல் கொல்லிமலையில் பிறந்த போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 1946 முதல் வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றினார். தொழுநோயே விரல்களைத் தின்கிறது என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். உணர்ச்சியற்ற கைகால்களில் அன்றாட வேலையின்போது ஏற்படும் காயங்களே காரணம் என்று அவர் கண்டார். 1966 இல் அமெரிக்கா சென்றபின், நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் அதே பராமரிப்பைப் புகுத்தினார்.

வலி எமது பகைவன் அல்ல, காவற்காரன். காவற்காரன் இல்லாத வீட்டில் வீட்டுக்காரர்தான் விழித்திருக்க வேண்டும். நோவு சொல்லாததைக் கண் பார்த்துச் சொல்லட்டும்.

நாளாந்தம் செய்ய வேண்டியவை

1. பொழுதுபட முன் இரு பாதங்களையும் பாருங்கள். அடிப்பாதம், விரலிடுக்கு, குதிக்கால் எதையும் விடவேண்டாம். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம்.

2. சாதாரண நீரில் கழுவி, விரலிடுக்குகளில் ஈரமில்லாமல் துடையுங்கள். சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம். சுடுவது தெரியாமல் தோல் வெந்துவிடும்.

3. வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். போடுமுன் செருப்பை உதறிப் பாருங்கள். குதிக்காலைப் பிடிக்கும் பின்பட்டி உள்ளது நல்லது. சேற்றில் இறங்கும் வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்பது நன்று.

4. நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணியை பிளேட்டால் சீவ வேண்டாம்.

5. சிறு காயமானாலும் சுத்தமான நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கோப்பித்தூள், சாம்பல், சாணம் எதுவும் வேண்டாம்.

6. சுருட்டும் பீடியும் இரத்தக் குழாய்களை மேலும் ஒடுக்கும். அவற்றைக் கைவிடுங்கள்.

கிளினிக்கை விடவேண்டாம்

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்று கொள்வர். மீண்டும் சோதித்து உறுதி செய்வர். சுகமாயிருக்கிறது என்று மருந்தை நிறுத்த வேண்டாம். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் சிகிச்சை இலவசம். வருடத்துக்கு ஒரு தடவையாவது பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கும்படி கேளுங்கள். மெல்லிய நைலோன் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள். இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பியை விட்டுவந்து, என்ன மருந்து குடித்தோம் என்று சொல்லத் தெரியாமல் நின்றவர்கள் எம்மில் பலர். காணி உறுதி, அடையாள அட்டையுடன் அதையும் ஒரே பையில் வையுங்கள்.

கூடிப் பேசுவோம்

1. எமது கிராமத்தில் சீனி வருத்தம் உள்ளவர்கள் யார்? அவர்களது பாதங்களைக் கடைசியாகப் பார்த்தது யார்?

2. தனியே வாழும் முதியோருக்கு இந்த உதவியை மாதர் சங்கமும் கமக்கார அமைப்பும் எவ்வாறு செய்யலாம்?

3. கிளினிக் நாளில் வாகன வசதி இல்லாதவரை யார் கூட்டிச் செல்வது?

இன்று மாலையே முதல் பாதத்தைப் பார்ப்போம்.