லேஸ் தீட்டப் பழகும் பிள்ளைகளுக்கு

எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் பழக வருகிறவர்கள் முகத்தைத் துணிந்து தொடங்கிவிடுகிறார்கள். லேஸைப் பார்த்ததும் கை நடுங்குகிறது. நாற்பது வருடம் தூரிகை பிடித்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

1. துணிக்குள் உடம்பு இருக்கிறது. தோளும் முழங்கையும் எங்கே என்று முதலில் கரியால் வரையுங்கள். மடிப்புகள் அங்கிருந்துதான் புறப்படும். அது தெரியாமல் போட்ட மடிப்பு, கொடியில் காயும் துணி போலத் தொங்கும்.

2. துணிக்குத் துணி ஒளி மாறும். பட்டில் வெளிச்சம் பளிச்சென்று உடையும், பக்கத்திலேயே ஆழ்ந்த நிழல் விழும். பருத்தியில் மெல்லப் பரவும். வெல்வெட் மடிப்பின் ஓரத்தில்தான் மினுங்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவி வர்மாவின் படங்கள் இருக்கின்றன; புடவைகளுக்கு முன்னால் பொறுமையாக நில்லுங்கள். ஜரிகைக்குத் தங்கப் பொடி தேட வேண்டாம். காவி, பழுப்பு, மேலே துளி வெளிர்மஞ்சள் போதும்.

3. லேஸில் நூலை எண்ணாதீர்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஓட்டைகள்தான் கோலம் போடுகின்றன. ரெம்பிராண்ட் 1630களில் ஆம்ஸ்டர்டாமில் தீட்டிய உருவப்படங்களில், காலரை முதலில் வெள்ளையாகப் பரப்பி, அதன்மேல் இடைவெளிகளைக் கறுப்பால் எடுத்திருக்கிறார்.

4. வெள்ளை லேஸின் பெரும்பகுதி சாம்பல் நிறம். கழுத்தை ஒட்டிய இடத்தில் தோலின் நிறம் அதனூடே தெரியும். டியூபிலிருந்து எடுத்த வெறும் வெள்ளை, நேர் வெளிச்சம் படும் நாலைந்து முடிச்சுகளுக்கு மட்டும்.

5. அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப் போகக் கூடுதலாக. ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அடுக்கை மாற்றிப் போட்டால் மேற்பரப்பு வெடிக்கும். அடிவெள்ளை கையில் ஒட்டாமல் காய்ந்த பிறகே கோலத்தை எடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

6. லேஸ் முகத்தருகே கூர்மையாக இருக்கட்டும், விலக விலகக் கரையட்டும். என் முப்பதாவது வயதில் ஒரு மணப்பெண்ணின் படத்தில் முக்காட்டு லேஸுக்கே மூன்று வாரம் செலவிட்டேன். பார்க்க வந்த அவள் அப்பா, "லேஸ் அப்படியே இருக்கு தம்பி" என்றார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னும் பத்து நாள் கேட்டு வாங்கி, முக்காட்டில் பாதியை மங்கலாக்கினேன். மறுபடி வந்தவர், "அழுதுட்டு இருந்தாளா?" என்று கேட்டார். ஆமாம், அன்று அவள் கண் கலங்கித்தான் உட்கார்ந்திருந்தாள்.