வலையும் அதனைப் பின்னும் மனிதரும்

குளத்து நீர் வயலுக்கு வருவதற்குத் துருசும் வாய்க்காலும் மட்டும் போதா. எவருக்கு எந்த நாளில் தண்ணீர் என்று கமக்காரர் கூடித் தீர்மானிக்கும் முறையும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பாராதவருக்குக் கடைசி வாய்க்கால் வயல் ஏன் காய்கிறது என்பது விளங்காது.

கைத்தொலைபேசியில் நாம் திறக்கும் பக்கங்களும் இப்படியே. கணினிகளைத் தொடுக்கும் வழிகள் இணையம். அதன் மேல், ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இணைப்புகளால் பின்னப்பட்டது வலை. 1989இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னேர்ஸ்-லீ இதனை முன்மொழிந்தார். 2006இல் அவரும் வெண்டி ஹோல் முதலிய அறிஞரும் 'வலை அறிவியல்' என்னும் துறையைத் தொடக்கினர். கணினியியலோடு சட்டமும் பொருளியலும் சமூகவியலும் அதில் ஒன்றாய் அமர்கின்றன.

ஏன் ஒன்றாய்? கூகிளின் கதையைப் பாருங்கள். 1998இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் விதி எளியது: பிற பக்கங்கள், அதிலும் மதிப்புள்ள பக்கங்கள், எதனை நோக்கி அதிகம் இணைப்புத் தருகின்றனவோ அது முன்னே வரும். ஊரார் பலர் கைகாட்டும் வைத்தியரிடம் நாம் போவதைப் போன்றது. நல்ல விதிதான். ஆனால் விதி தெரிந்ததும் சில வியாபாரிகள் பொய்ப் பக்கங்களை உண்டாக்கித் தமக்குத் தாமே கைகாட்டிக்கொண்டனர். விதி மனிதரை மாற்றிற்று; மாறிய மனிதருக்காக விதியைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியதாயிற்று.

முகநூலோ, பலர் விரும்பிப் பகிரும் பதிவுகளை முன்னே தள்ளுகிறது. கோபமூட்டும் வதந்தி எவ்வளவு வேகமாகப் பகிரப்படும் என்பதை எமது மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன பகுதியில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, அரசாங்கம் முகநூலையே சில நாட்கள் முடக்கிற்று. சிங்களப் பதிவுகளை வாசித்து நீக்கக்கூடியவர்கள் அந்நிறுவனத்தில் போதியளவு இருக்கவில்லை. 2020இல் அது மன்னிப்புக் கோரிற்று.

இதற்கு நெடுங்காலம் முன்னரே எமது நாட்டில் வேறொரு வழி முயலப்பட்டது. மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்து குடியேறியவர்களுக்கென 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கிற்று. அதன் வழியில் 1989இல் கொத்மலை வானொலி வந்தது. 1990களின் இறுதியில், யுனெஸ்கோவின் உதவியுடன், கிராமத்தவர் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேட்ட கேள்விகளுக்கு அதன் அறிவிப்பாளர்கள் வலையில் விடை தேடினர். ஆங்கிலத்தில் கிடைத்ததை, துறை அறிந்தவரைப் பக்கத்தில் இருத்தி, மக்களின் மொழியில் விளக்கினர். கணினியே இல்லாத வீட்டுக்கும் விடை போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதனைப் பற்றி எழுதினர். எமது கணிப்பில் அங்கு கவனிக்க வேண்டியது கணினி அன்று, கேள்விக்கும் விடைக்கும் நடுவில் அமர்ந்திருந்தவரையே.

இன்று விடை நேரே எமது கைக்கு வருகிறது. நடுவில் அமர்ந்தவரைக் காணோம். காணி விடுவிப்பு, நட்டஈடு, விதைநெல் மானியம் பற்றி ஒரு பதிவு வந்தால், அது எங்கிருந்து வந்ததெனத் தேடி, பிரதேச செயலகத்திலும் கேட்டறிந்து வந்து சொல்பவர் உங்கள் கிராமத்தில் யார்? அடுத்த சங்கக் கூட்டத்தில் இதனைப் பேசி, இருவரின் பெயரையாவது குறித்துக்கொள்ளுங்கள்.