மனம் சோர்ந்தால் பல்லும் பாதிக்கப்படுமா?

மனச்சோர்வு என்றதும் தூக்கமின்மை, களைப்பு, அழுகை ஆகியவைதாம் நம் நினைவுக்கு வரும். பல்லையும் ஈற்றையும் யாரும் நினைப்பதில்லை. ஆனால், மனச்சோர்வு உள்ளவர்களிடம் பற்சொத்தை, ஈறு நோய், வாய் உலர்தல் ஆகியவை கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இவ்விரண்டும் எவ்வாறு இணைகின்றன?

1. பழக்கம் தவறுதல்

மனச்சோர்வு ஊக்கத்தைக் குறைக்கும் நோய். அதனால் பல் துலக்குவதுகூடப் பெரும் வேலையாகத் தோன்றும். இது சோம்பேறித்தனம் அன்று. டென்மார்க்கில் நடந்து 1965-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், நலமான ஈறு கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி ஏற்பட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது குணமானது.

2. உமிழ்நீர் குறைதல்

நம் வாயில் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தை அது சமன்படுத்துகிறது. எனாமலுக்குக் கால்சியமும் பாஸ்பேட்டும் தருகிறது. வாயின் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். மனச்சோர்வுக்கான சில மருந்துகள், சுரப்பிகளுக்குச் செல்லும் நரம்புச் செய்தியைத் தடுத்து உமிழ்நீரைக் குறைக்கின்றன.

3. எதிர்ப்பாற்றல் மாறுதல்

நீடித்த மன அழுத்தத்தில் கார்ட்டிசோல் சுரப்பு மாறுபடும். அப்போது ஈறுகள் கிருமிகளை எதிர்க்கும் திறனும் பாதிக்கப்படலாம்.

பெண்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறுகள் எளிதில் வீங்கி இரத்தம் கசியும். மகப்பேற்றையொட்டிய இதே காலத்தில் மனச்சோர்வும் சிலரைத் தாக்குகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பலருக்கு வாய் உலர்கிறது.

தொடர்பு வேறு, காரணம் வேறு

இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு செய்யக்கூடாது. பல்வலியும், சிரிக்கத் தயங்கும் கூச்சமும்கூட மனத்தைச் சோர்வடையச் செய்யலாம். வறுமை, புகைப்பழக்கம் போன்றவை இரண்டுக்கும் பின்னணியாக இருக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

வீட்டில் அம்மாவோ அக்காவோ பல நாள்களாகச் சோர்ந்திருந்தால், “ஏன் இன்னும் பல் துலக்கவில்லை?” என்று கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து பேசுங்கள். மருத்துவரிடம் செல்லத் துணை நில்லுங்கள். வாய் உலர்ந்தால் அடிக்கடி தண்ணீர் குடிப்பதும், சர்க்கரையற்ற சுவிங்கம் மெல்வதும், ஃபுளோரைடு பற்பசையைப் பயன்படுத்துவதும் உதவும். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக்கூடாது. பல் மருத்துவரிடம் உட்கொள்ளும் மருந்துகளை மறைக்காமல் கூற வேண்டும். உங்களுக்கே அத்தகைய சோர்வு இருந்தால், பெற்றோரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்லுங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. உமிழ்நீர் குறைந்தால் பற்சொத்தை ஏன் கூடுகிறது?
2. டென்மார்க் ஆய்வில், மீண்டும் பல் துலக்கச் செய்தது ஏன் முக்கியமான படி?