குளக்கரையில் உயிரறிவுப் பாடம்

உயிர்களை ஓரறிவு முதல் ஐயறிவு ஈறாக வகுத்துரைக்கும் பாடத்தை நம் சிறுவர்கள் ஜினாலயத்தில் அமர்ந்து மனப்பாடம் செய்கின்றனர். ஈரறிவுயிர் எது எனக் கேட்டால் புழு, சங்கு, அட்டை என ஒப்பிப்பர். அட்டையைக் கண்டவர் அவருள் சிலரே. ஆதலின் இப்பாடத்தைக் குளக்கரையில் நடத்துவதே தக்கது என்பது நம் கருத்து. வந்தவாசி வட்டாரத்தில் ஏரியோ குளமோ இல்லாத ஊர் அரிது.

காலை வெயில் ஏறுமுன் சென்று, கரையில் சற்றுநேரம் பேசாது அமர்ந்திருத்தல் வேண்டும். அல்லி ஓரறிவினது. அதன் தண்டில் ஊரும் நத்தை ஈரறிவினது. கரைமண்ணில் நிரையாகச் செல்லும் எறும்பு மூவறிவினது. நீரின்மேல் தாழப் பறக்கும் தும்பி நாலறிவினது. மீனும் தவளையும் முக்குளிப்பானும் ஐயறிவின. தத்துவார்த்த சூத்திரமும் தொல்காப்பிய மரபியலும் இவ்வகைப்பாட்டில் பெரிதும் ஒத்திருப்பதை ஆசிரியர் எடுத்துக்காட்டலாம். எறும்புக்கும் கண் உண்டென்று பள்ளிப் புத்தகம் கூறுகிறதே எனச் சிறுவர் வினவுவர். வினவட்டும், கண்கூடாகக் கண்டதை நாம் மறுக்க வேண்டுவதில்லை.

ஒருமுறை சென்று திரும்பினால் பாடம் நிறைவுறாது. கோடையில் குளம் வற்றி வெடித்துக் கிடக்கும்போது, உயிரே இல்லை எனத் தோன்றும். ஆயின் நத்தை தன் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு சேற்றினுள் உறங்குகிறது; தவளைகளும் மண்ணுள் மறைந்துள்ளன. ஆடி, ஆவணியின் மாலைமழைக்கு அவை வெளிப்படும். ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிறையும். தும்பியின் இளம்பருவம் நீருக்குள்ளேயே கழிகிறது என்பதையும் அப்போது காட்டலாம். மார்கழி, தையில் வடதிசையிலிருந்து கிளுவைகள் வந்திறங்கும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகுவதால் முனிவர்கள் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குகின்றனர். வடநாட்டு மழையை ஒட்டிய அந்நோன்பு, தீபாவளியை அடுத்து நிறைவுறும். நம் பகுதியிலோ வடகிழக்குப் பருவமழை வலுப்பதே அப்போதுதான். பஞ்சாங்கத்தில் நோன்பு முடிந்தபின்னும் வரப்பிலும் கரையிலும் உயிர்கள் நிறைந்திருக்கும். ஆகவே, இல்லறத்தாராகிய நாம் தை பிறக்கும் வரையிலேனும் அடிபார்த்து நடத்தல் நன்று.

சென்ற கார்த்திகையில் நம்முடன் வந்த சிறுவன் ஒருவன், தலைப்பிரட்டைகளைப் புட்டியில் அடைத்து வீட்டிற்கு எடுத்துச் சென்றான். மறுநாட் காலை அவை அனைத்தும் இறந்து மிதந்தன. அவன் அழுதான். குற்றம் அவனுடையதன்று, புறப்படுமுன் சொல்லத் தவறியவர் நாமே. இப்போது புட்டியும் வலையும் கொண்டுசெல்வதில்லை. ஒரு குவளையும் இருமடித்த வெள்ளைத் துணியும் மட்டுமே எடுத்துச் செல்கிறோம். குளத்து நீரைச் சிறிது வடிகட்டினால், துணியில் துள்ளும் நுண்ணுயிர்கள் தெரியும். அனைவரும் பார்த்தானதும், துணி உலருமுன் அதே குளத்து நீரில் மெல்ல அலசி அவற்றை விட்டுவிட வேண்டும். அவ்வேலையை இப்போது அச்சிறுவனே கேட்டு வாங்கிச் செய்கிறான்.